கல்யாணப் பத்திரிகையில் செய்த கிறிஸ்துமஸ் பெட்டிகள்

1

என் மகள் படிக்கும் பள்ளிக்கூடத்தின் நடைவழியில் ஒரு மேசை போட்டு, அதில் பதினான்கு சின்னப் பெட்டிகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம். மெரூன் நிற அட்டை, அதில் தங்க நிறத்தில் இரண்டு யானைகள். யானைகளின் தலையில் பஞ்சு ஒட்டியிருக்கிறது, அது பனியாம். சிவப்பு நூலில் ஒரு குட்டி மணி. வகுப்புத் தோழர்களுக்குக் கிறிஸ்துமஸ் பரிசு வைத்துக் கொடுப்பதற்காக இனியா செய்த பெட்டிகள் அவை. பக்கத்திலேயே ஒரு சீட்டில், இந்தியாவில் கையால் செய்தது என்று எழுதி நிறுத்தியிருக்கிறார்கள்.

இனியாவுக்குப் பதினொரு வயது. அவளை அழைத்து வரப் போனபோது வகுப்பாசிரியை என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். பழைய தாளுக்குப் புது வாழ்வு கொடுத்திருக்கிறீர்கள், எவ்வளவு அருமையான குடும்பம் உங்களுடையது என்றார். வெள்ளிக்கிழமை வந்து இந்தப் பெட்டிகளைப் பற்றிப் பிள்ளைகளிடம் ஐந்து நிமிடம் பேச முடியுமா என்று கேட்டார். எனக்கு வேலை இருக்கிறது என்றேன். அது பொய். வெள்ளிக்கிழமை எனக்கு விடுமுறை.

அயர்லாந்தின் இந்தச் சின்ன ஊரில் ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸாக இருக்கிறேன். வந்து பதினாறு வருடமாகிறது. செஞ்சியில் இருந்தவரை கோபம் வந்தால் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போகிறவள் நான். இங்கே வந்து, பல்லைக் காட்டியபடியே கோபத்தை விழுங்கப் பழகிக்கொண்டேன். இந்த முறை அது உள்ளே இறங்க மாட்டேன் என்கிறது. ஊரிலிருந்து திரும்பி ஒன்பது நாளாகியும் இறங்கவில்லை.

அந்த ஆசிரியையிடம் இதைச் சொல்ல முடியாது. பத்திரிகை என்றால் என்ன, சீர் என்றால் என்ன என்பதிலேயே அவர் கேட்ட ஐந்து நிமிடமும் போய்விடும். உங்களுக்கு அந்த விளக்கம் எதுவும் தேவையில்லை. அதனால் உங்களிடம் சொல்கிறேன். காரம் கொஞ்சம் தூக்கலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

அக்டோபரில் பள்ளியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. இந்த ஆண்டு கிறிஸ்துமஸ் பரிசுகளைக் கடைத்தாளில் சுற்ற வேண்டாம், வீட்டில் இருப்பதை வைத்து நீங்களே பெட்டி செய்யுங்கள், அலங்கரியுங்கள், பூமியைக் காப்போம் என்று எழுதியிருந்தார்கள். அடுத்த வாரமே கடைகளில் அதற்கென்று தனி அலமாரி முளைத்துவிட்டது. காக்கித் தாள், சணல் நூல், வாட்டிய ஆரஞ்சு வில்லை, ஒரு கட்டு பட்டை. வீட்டில் செய்ததுபோலத் தெரிவதற்கு வேண்டிய எல்லாவற்றையும் கடையில் வாங்கிக்கொள்ளலாம். குருமாவில் போட வேண்டிய பட்டையை ரிப்பனில் கட்டித் தொங்கவிடுகிறார்கள்.

எங்கள் வீட்டில் காக்கித் தாள் ஜூன் மாதம் நோட்டுக்கு அட்டை போடத்தான் வரும். கல்யாண வீட்டிலிருந்து ஏதாவது பரிசுப் பொட்டலம் வந்தால் அம்மா அதைக் கிழிக்க விட மாட்டாள். ஒட்டியிருக்கும் டேப்பை நகத்தால் நெம்பி எடுத்து, தாளைத் தடவி நேராக்கி, பாய்க்கு அடியில் வைத்துவிடுவாள். அடுத்த கல்யாணத்துக்கு அந்தத் தாளில்தான் எவர்சில்வர் டப்பா போகும். அதை அக்கம்பக்கத்தில் யாரும் அருமையான குடும்பம் என்று சொன்னதில்லை. இல்லாத வீடு என்றுதான் சொன்னார்கள். நாங்கள் வெட்கப்பட்டு ஒளித்துச் செய்ததை இங்கே நோட்டீஸ் அடித்துச் செய்யச் சொல்கிறார்கள்.

அம்மா போய் எட்டு வருடமாகிறது.

இனியாவுக்குக் கடைச் சாமான் பிடிக்கவில்லை. "தாத்தா வீட்டுல செய்யலாம்மா, அங்க நிறைய ஓல்ட் திங்க்ஸ் இருக்கும்" என்றாள். நவம்பர் கடைசியிலிருந்து இரண்டு வாரம் ஊருக்குப் போவதாக ஏற்கெனவே முடிவாகியிருந்தது. பள்ளி நடக்கும்போது பிள்ளையை அழைத்துப் போவதற்கு இங்கே காரணம் எழுதித் தர வேண்டும். குடும்ப விழா என்று எழுதினேன். என்ன விழா, குழந்தை அங்கே இருப்பது அவசியமா என்று கேட்டு மறுபடி ஒரு படிவம் வந்தது. என் தங்கையைப் புருஷன் வீட்டில் கொண்டுபோய் விடும் விழா என்று அதில் எழுதியிருக்க வேண்டும். சமய விழா என்று எழுதி அனுப்பினேன்.

3

ஆமாம், அதற்குத்தான் போனேன். எங்கள் நைனா, அதாவது அப்பா, போனில் கூப்பிட்டிருந்தார்.

"கார்த்திக சீரோட ரேவதியயும் கொண்டு போயி வுட்டுடலாம்னு பேசி முடிச்சாச்சு கலா. சம்மந்தி ஒத்துகினார். அம்மா இருந்தா அவ கூட வந்து நிப்பா. அந்த எடத்துல நீதான் நிக்கணும்."

"ரேவதி இன்னா சொல்றா நைனா?"

"அவ இன்னா சொல்லப் போறா."

ரேவதி எனக்குப் பத்து வயது இளையவள். எம்.எஸ்ஸி. கணக்கு, பி.எட். நோய்க்காலக் கட்டுப்பாடு முழுசாக விலகாத ஒரு ஆவணியில் அவளை அவலூர்பேட்டையில் கட்டிக்கொடுத்தார்கள். என்னால் போக முடியவில்லை, தாலி கட்டுவதைப் போனில் பார்த்தேன். பதினொன்றாம் மாதம் அவள் ஒரு பையோடு செஞ்சிக்குத் திரும்பி வந்துவிட்டாள். அந்த ஆள் கை நீட்டுகிறவன். அது நைனாவுக்குத் தெரியும், எங்கள் தெருவுக்குத் தெரியும், அவலூர்பேட்டைக்கும் தெரியும். வந்து மூன்று வருடத்துக்கு மேலாகிவிட்டது. இன்னும் பக்கத்து வீட்டம்மா கேட்டால், "லீவுக்கு வந்திருக்குது" என்றுதான் நைனா சொல்கிறார். மூன்று வருட லீவு. நான் வேலை செய்யும் இல்லத்தில் யாராவது எனக்குக் கொடுத்தால் தேவலை.

அவளை நேரில் பார்த்து ஆறு வருடமாகியிருந்தது. போய் இறங்கிய மறுநாள் காலையில் அவள் சமையலறையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். இடது பக்கமாகப் போய்க் கூப்பிட்டேன். திரும்பவில்லை. இரண்டாம் முறையும் கூப்பிட்டேன். மூன்றாம் முறை தோளைத் தொட்டதும் பதறிப் போய்த் திரும்பினாள்.

"இந்தப் பக்கம் கேக்காதுக்கா. இப்படி வந்து பேசு" என்று வலது பக்கத்தைக் காட்டினாள்.

"காதுல கொஞ்சம் ப்ராப்ளம்னுதானடி சொன்ன?"

"கொஞ்சந்தான். ஒரு காதுதானே."

நான் நர்ஸ். அறைந்து கிழிந்த செவிப்பறையைப் பற்றி எனக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. போன வீடியோ அழைப்புகளில் எல்லாம் அவள் ஏன் முகத்தை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டே பேசினாள் என்று அப்போதுதான் உறைத்தது.

இன்னும் கேளுங்கள். கல்யாணம் ஆன கையோடு எங்கள் வீட்டு ரேஷன் கார்டிலிருந்து அவள் பேரை எடுத்து அவலூர்பேட்டைக் கார்டில் சேர்த்துவிட்டார்கள். அது இன்றுவரை அங்கேயே இருக்கிறது. அவள் உண்பது இங்கே, அவள் பங்கு அரிசி போவது அங்கே. பேரைத் திருப்பி மாற்ற நைனா ஒத்துக்கொள்ளவில்லை. மாற்றினால் பெண் வாழாமல் வந்துவிட்டாள் என்று எழுத்தில் ஏறிவிடுமாம். திண்டிவனம் சாலையில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர் வேலைக்கு அவளை இரண்டு முறை கூப்பிட்டார்கள். சம்மந்தி வீட்டில் என்ன நினைப்பார்கள் என்று அதற்கும் விடவில்லை.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது இதற்கெல்லாம் மேலே ஒன்று. நம் பக்கத்தில் கார்த்திகைக்குப் பெண் வீட்டிலிருந்து சீர் போகும். பொரி உருண்டை, அதிரசம், பழம், புடவை, வேட்டி, அகல் என்று தட்டுத் தட்டாக வைத்து, மேலே மஞ்சள் கண்ணாடித் தாளைச் சுற்றி ரிப்பன் கட்டிக் கொண்டுபோவார்கள். பெண் அங்கே வாழ்ந்தால்தான் சீர். எங்கள் வீட்டில் பெண் கூடத்தில் உட்கார்ந்திருக்க, மூன்று கார்த்திகைக்கும் நைனா வாடகைக் கார் பிடித்து அவலூர்பேட்டைக்குச் சீர் கொண்டுபோயிருக்கிறார். அவர்களும் கூச்சநாச்சமில்லாமல் வாங்கி வைத்திருக்கிறார்கள்.

"தட்டெல்லாம் யாரு கட்டறது?" என்று ரேவதியைக் கேட்டேன்.

"நான்தான். நைனாவுக்கு அந்தத் தாளு நிக்காது, கிழிச்சிடும்."

தனக்கு வரவேண்டிய சீரைத் தானே கட்டி, தான் இல்லாத வீட்டுக்கு அனுப்பி வைத்திருக்கிறாள். மூலையை மடித்து, ரிப்பனைக் கத்தரிக்கோல் முனையால் இழுத்துச் சுருளாக்கி, ரோஜாப்பூ மாதிரி முடிச்சுப் போட்டு. அதில் அவளுக்கு நல்ல கை. நான் அன்று சாப்பிடாமல் எழுந்தேன்.

4

ஊருக்குப் போனால் எனக்கு எப்போதும் ஒரு காகித வேலை காத்திருக்கும். என் பாஸ்போர்ட்டில் கணவர் பெயர், சான்றிதழில் நைனாவின் முதலெழுத்து, இரண்டிலும் இருப்பது ஒரே ஆள்தான் என்று ஒரு காகிதம் வேண்டும். ஓர் அலுவலகத்தில் இன்னொரு அலுவலகத்துக்குப் போகச் சொன்னார்கள். அங்கே, "கணவர் வரலியா?" என்றார்கள். அவர் அயர்லாந்தில் இருக்கிறார் என்றேன். "அப்ப அப்பாவ கூட்டிட்டு வாங்க" என்றார்கள். நாற்பத்தோரு வயதில் நான்தான் நான் என்று சொல்ல ஓர் ஆண்பிள்ளை கூட வரவேண்டும். வேகாத வெயிலில் பேருந்து நிலையத்திலிருந்து நடந்தே வீட்டுக்கு வந்தேன். ஆட்டோவில் ஏறினால் ஓட்டுநரிடம் சண்டை பிடித்திருப்பேன்.

கூடத்துக்குள் கால் வைத்ததும் நின்றுவிட்டேன். இனியா தரையில் உட்கார்ந்திருந்தாள். அவளைச் சுற்றி மெரூன் அட்டைகள். ரேவதியின் கல்யாணப் பத்திரிகை.

அந்தக் காலத்தில் கூட்டம் கூடக் கூடாது என்று கெடுபிடி இருந்தும் நைனா ஆயிரம் பத்திரிகை அடித்தார், கடைக்குட்டி கல்யாணம் என்று. கொடுத்தது பாதி. மீதியைத் தூக்கிப் போட முடியாது. மேலே பிள்ளையார் படம், நாலு மூலையிலும் மஞ்சள். குப்பையில் போடக் கூடாது, எரிக்கக் கூடாது, எடைக்கும் போடக் கூடாது. துணியில் கட்டிப் பரணில் ஏற்றியிருந்தார்கள். நம் வீடுகள் எல்லாவற்றிலும் பரணில் இப்படி ஒரு மூட்டை இருக்கும். பழைய தாள் தேடி ஏறிய இனியா அதை இறக்கிவிட்டாள். அவளுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு இரண்டு வருடம் அனுப்பினேன், நீச்சல் வகுப்பு அதே நேரத்தில் வந்ததும் நானே நிறுத்திவிட்டேன். தங்க எழுத்து அவளுக்கு வெறும் பூவேலை. பிள்ளையாரை மட்டும் கவனமாக வெட்டி எடுத்துத் தனியாக அடுக்கி வைத்துவிட்டு, மணமகள் பேருக்குக் குறுக்கே மடிப்புக் கோடு போட்டிருந்தாள்.

"அம்மா, யாரும் யூஸ் பண்ணாத கார்டு. நிறைய இருக்கு. சூப்பர் திக்" என்றாள்.

நான் கத்த வாயைத் திறந்தேன். அதற்குள் பின்கட்டிலிருந்து ரேவதி வந்துவிட்டாள். ஈரக் கையைப் புடவையில் துடைத்தபடி நின்று பார்த்தாள். வெட்டுப்பட்ட ஓர் அட்டையை எடுத்துத் திருப்பினாள். அவள் பேரில் முதல் இரண்டு எழுத்துதான் மிச்சம் இருந்தது.

"சித்தி, இது உங்களோடதா? சாரி" என்றாள் இனியா, என் முகத்தைப் பார்த்துவிட்டு.

"இல்ல, என்னோடது இல்ல" என்று சொல்லிக்கொண்டே ரேவதி சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். "நீ மடிக்கறது தப்பு. மூல நிக்காது பாரு. இங்க ஒரு கீறு போடு. இந்தக் காத உள்ள தள்ளு. பசைய மெலிசா தடவணும், இல்லனா அட்ட நெளிஞ்சிடும்."

அடுத்த மூன்று நாளும் வேலை முடித்த நேரமெல்லாம் அவள் அங்கேதான் இருந்தாள். மைதா மாவில் பசை காய்ச்சினாள். விளக்குத்திரிக்கு வைத்திருந்த பஞ்சைப் பிய்த்து யானைத் தலையில் ஒட்டினாள். கொலுசிலிருந்து விழுந்த மணிகளை ஒரு டப்பாவிலிருந்து எடுத்துக் கோத்தாள். பெட்டியின் உள்பக்கம் மாப்பிள்ளை பேர் வரும்படி மடித்தாள். நானாகக் கவனித்ததுதான், அவள் ஒன்றும் சொல்லவில்லை. இனியா அவளிடம் பனிமனிதனைப் பற்றிச் சொல்ல, அவள் இனியாவுக்கு முக்கோணத்தின் கோணங்களைக் கூட்டிக் காட்டினாள். அந்த முறை அவள் சிரித்ததை நான் முதலில் கேட்டது அப்போதுதான். இவளை மறுபடி அங்கே விடுவதற்கா நான் இவ்வளவு தூரம் பறந்து வந்தேன் என்று நினைத்தபோது என்னையே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

நைனா அந்த மூன்று நாளும் கூடத்தைத் தாண்டிப் போகும்போதெல்லாம் தொண்டையைச் செருமினார். நல்ல நாள் வருகிற நேரம், பேத்தி வேறு. பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்.

5

கார்த்திகை அன்று காலை வாசலில் கார் வந்து நின்றது. கூடத்தில் எட்டுத் தட்டுகள். அதிரசமும் பொரி உருண்டையும் ரேவதி சுட்டதும் பிடித்ததும். ஒரு தட்டில் எங்கள் நிலத்தில் விளைந்த மல்லாட்டைக் கடலை. நாற்காலியில் மஞ்சள் கண்ணாடித் தாள் சுருள். நைனா சலவை வேட்டி கட்டி, நெற்றியில் விபூதியோடு வந்து நின்றார். ரேவதி குளித்துவிட்டுப் பழைய பருத்திப் புடவையில் இனியாவோடு தரையில் உட்கார்ந்து கடைசிப் பெட்டிக்குப் பசை தடவிக்கொண்டிருந்தாள்.

"ரேவதி, தட்ட கட்டும்மா. ராகு காலத்துக்கு முன்ன கெளம்பணும்."

"நான் கட்டல நைனா."

"நேரமாவுது. எழுந்து புது பொடவ கட்டு."

"நான் வரவும் இல்ல."

அவள் குரலை உயர்த்தவில்லை. நைனா என்னைப் பார்த்தார்.

"கலா, எடுத்துச் சொல்லு அவளுக்கு."

"அதான் வரலன்னு சொல்றா இல்ல நைனா."

அவ்வளவுதான், மூன்று நாள் செருமியதெல்லாம் வெளியே வந்தது. "நீ வந்ததுலேந்து இந்த வூட்ல எதுவும் சரியில்ல. சாமி படம் போட்ட பத்திரிகய கத்திரி வெச்சு வெட்ட வுட்டுட்டு வேடிக்க பாக்கற. கல்யாணப் பத்திரிகய வெட்டனா அந்தக் குடும்பம் எப்படி வெளங்கும்?"

"எந்தக் குடும்பம் நைனா? பரண் மேல கட்டி வெச்சிருக்கற குடும்பமா?"

"ஒனக்கு இன்னா, பேசுவ. மூணு நாள்ல பிளேன் ஏறி போயிடுவ. இந்தத் தெருவுல நடக்கப் போறவன் நான். எனக்கப்பறம் இவள யாரு பாப்பா?"

இனியா எழுந்து நின்றாள். "தாத்தா, நீ ஏன் சித்திகிட்ட கத்தறே?"

ஒருமையில் பேத்தி கேட்டதும் அவருக்கு முகம் சுருங்கிப்போனது. வேறு சமயமாக இருந்தால் நான் அவளைத் திருத்தியிருப்பேன். அன்று திருத்தவில்லை.

"நான் பாப்பேன் இவள" என்றேன். என் குரல் தெருவுக்கே கேட்டிருக்கும். "என் கூட கூட்டிட்டுப் போறேன். அடிக்கறவன் வூட்டுக்குச் சீர் வெச்சு அனுப்பறதுக்கு நீங்க அப்பாவா இருக்க வேணாம். அவ காது போனதுக்கு நீங்கதான் காரணம். அட்ஜஸ்ட் பண்ணு அட்ஜஸ்ட் பண்ணுன்னு சொல்லிச் சொல்லியே அனுப்பினீங்க."

ரேவதி பசைக் குச்சியைக் கீழே வைத்தாள்.

"அக்கா, நிறுத்து. எல்லாத்தையும் நைனா மேல போடாத." எழுந்து, என் பேச்சு கேட்கிற பக்கமாக வந்து நின்றாள். "மூணாம் மாசம் மொத மொதல்ல அடி வாங்கன அன்னிக்கி நான் நைனாவுக்குப் போன் பண்ணல. ஒனக்குத்தான் பண்ணேன். அம்மா இருந்தா அம்மாவுக்குப் பண்ணியிருப்பேன். பைய கட்டி வாசப்படிகிட்ட வெச்சிட்டுத்தான் பண்ணேன். வந்துடுன்னு நீ ஒரு வார்த்த சொல்லியிருந்தா அன்னிக்கே பஸ் ஏறியிருப்பேன். காது போனது அதுக்கப்பறம்."

குனிந்து அவள் கீழே வைத்த பசைக் குச்சியை எடுத்தேன்.

"ஒன்னால என்ன கூட்டிட்டுப் போவ முடியாது. தங்கச்சிக்கு விசா கெடையாதுன்னு நெட்ல பாத்து எனக்கு எப்பவோ தெரியும். சும்மா சொல்லாத." பிறகு நைனாவிடம் திரும்பினாள். "இஸ்கூல்ல பேசிட்டேன் நைனா. திங்கக்கெழம சேர்றேன். சீர் எடுத்துகினு போறதுன்னா போங்க, ஒங்க இஷ்டம். என் பேரச் சொல்லிக் குடுக்காதீங்க."

நைனா நாற்காலியிலிருந்த சுருளை எடுத்துத் தானே தட்டைக் கட்டப் பார்த்தார். தாள் கிழிந்தது. இரண்டாம் தட்டிலும் கிழிந்தது. நான் உதவிக்குப் போகவில்லை, ரேவதியும் போகவில்லை. கடைசியில் எட்டுத் தட்டையும் மூடாமலே ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டுபோய்க் காரில் வைத்தார். கார் போய்விட்டது.

இரண்டு மணி போலத் திரும்பி வந்தார். தட்டுகள் போனபடியே இருந்தன. "அவலூர்பேட்ட பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போனேன். பொண்ணு எங்கன்னு கேட்டா இன்னா சொல்றதுன்னு கார்லயே ஒக்காந்து இருந்துட்டு வந்துட்டேன்" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். ரேவதி அவருக்குச் சோறு போட்டாள். சாயங்காலம் விளக்கு ஏற்றினோம். மூன்று நாளும் அதிரசம் தின்றோம்.

6

அவர் திருந்திவிட்டார் என்று நினைத்துவிடாதீர்கள். பக்கத்து வீட்டம்மாவிடம், மாப்பிள்ளை வெளியூர் வேலையாகப் போயிருக்கிறார், வரும்வரை ரேவதி சும்மா இருக்க வேண்டாமே என்று பள்ளிக்கூடம் போகிறாள் என்று சொல்லி வைத்திருக்கிறார். பொய்க்குப் புதுச் சட்டை மாட்டிவிட்டார். ரேஷன் கார்டு மாற்றும் படிவத்தில் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. ரேவதி தினம் காலையில் அதை அவர் காப்பி டம்ளருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வேலைக்குப் போகிறாளாம். எட்டாம் வகுப்பு கொடுத்திருக்கிறார்கள். வலது பக்கம் பிள்ளைகள் இருக்கும்படி மேசையைத் திருப்பிப் போட்டுக்கொண்டாளாம்.

நான் அவள் வேலைக்குச் சேர்வதற்கு முந்தின நாள் விமானம் ஏறினேன். நைனா சொன்னபடி மூன்றாம் நாள். பதினான்கு பெட்டிகளும் நசுங்காமல் கைப்பையில் வந்தன. நேற்றுச் சமையலறையில் இனியா கேட்டாள்.

"டீச்சர் கேட்டாங்க, கார்டுல என்ன எழுதியிருக்குன்னு. நான் என்னம்மா சொல்லட்டும்?"

"சித்தியோட கல்யாணப் பத்திரிகைன்னு சொல்லு."

"சித்தி ஹேப்பியா இருக்காங்களான்னு கேட்டா?"

"அத சித்திகிட்ட கேளு."

இவ்வளவு நேரம் நைனாவைத் திட்டினேன், அவலூர்பேட்டையைத் திட்டினேன், அலுவலகத்தை, ஆசிரியையை, கடையில் விற்கும் பட்டையையும் விடவில்லை. ரேவதி அன்று எல்லோர் முன்னாலும் சொன்னதில் ஒன்றை விட்டுவிட்டாள். அவளுக்கு அது தெரியாது. உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

அவள் போன் செய்தது ஒரு டிசம்பர் சனிக்கிழமை, இங்கே மதியம் பன்னிரண்டே முக்கால். என்னோடு வேலை செய்கிறவர்களுக்கான கிறிஸ்துமஸ் பரிசுகளைச் சமையலறை மேசையில் பரப்பித் தாள் சுற்றிக்கொண்டிருந்தேன். போன் ஸ்பீக்கரில் கிடந்தது. அவள் அழுதாள். அடித்துவிட்டான் என்றாள். நான் மூலையை மடித்து விரலால் அழுத்திக்கொண்டே, "புதுசுல எல்லா வூட்லயும் இருக்கறதுதான், கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோடி" என்றேன். "அக்கா, இன்னும் ஒன்னு சொல்லணும்" என்றாள். அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன். செல்லோடேப் தீர்ந்துபோயிருந்தது. சனிக்கிழமை தெருமுனைக் கடையை ஒரு மணிக்குச் சாத்திவிடுவார்கள்.